தொலைபேசிக் கம்பெனிகளும் கட்டுப்பாட்டு நீக்கமும்

(கூட்டுறவுக் கல்வி வட்டங்களுக்கான பாடம்)

ஊரில் நூல் விற்கும் கடை ஒன்றே இருந்தால் அக்கடைக்காரர் சொன்னதே விலை. காய் எடுக்கும் தரகர் ஒருவரே வந்தால் அவர் போட்டதே எடை. இவ்விரண்டு அனுபவங்களும் நம் அங்கத்தினருக்குப் புதியவை அல்ல. இவற்றின் வேதனையிலிருந்தே நம் சங்கங்கள் பிறந்தன. ஏகபோகம் என்ன செய்யும், போட்டி என்ன செய்யும், போட்டி குன்றிய பின் என்ன நேரும் என்னும் மூன்றையும் தொலைபேசித் துறையின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. ஆகவே இம்மாதப் பாடத்துக்கு அத்துறையை எடுத்துக்கொள்வோம்.

தொலைபேசி இன்று வசதியுள்ளோர் வீட்டு அலங்காரப் பொருள் அன்று. தறிக்கும் மண்வெட்டிக்கும் அடுத்தபடியாக அஃதும் ஒரு தொழிற்கருவி. கோயம்பேட்டு மண்டியில் கத்தரிக்காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதை அறியவும், பாவுக்கு வேண்டிய நூல் வந்துவிட்டதா என்று கேட்கவும், வங்கிக் கணக்கில் பணம் எடுக்கும்போது ரகசிய எண்ணைப் பெறவும் கைப்பேசியே வழி. அதற்குரிய கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார், அது தடைப்பட்டால் யாரைக் கேட்பது என்பவற்றை அறியாமலிருப்பது, தராசைப் பாராமல் சரக்கை ஒப்படைப்பதற்கு ஒப்பாகும்.

1. கட்டுப்பாடு என்பது யாது?

ஒரு தொழிலை அரசாங்கம் கட்டுப்படுத்துகிறது என்றால், நான்கு கேள்விகளுக்கு அரசாங்கம் விடை கூறுகிறது என்று பொருள். முதலாவது, அத்தொழிலில் யார் இறங்கலாம்? இரண்டாவது, விலையை யார் வைப்பது? மூன்றாவது, இலாபம் தராத இடத்திலுள்ள கடைசி வீட்டுக்கும் சேவை அளிக்கும் கடமை யாருடையது? நான்காவது, குறை நேர்ந்தால் முறையிடும் இடம் எது? கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுள் முதற் கேள்விக்கு நெசவாளர் பக்கம் நின்று விடை கூறியது.

கட்டுப்பாட்டு நீக்கம் என்னும்போது இந்நான்கும் ஒருங்கே நீங்குவதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். அது பிழை. விவசாயிகள் அறிந்த ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை நினைத்துப் பார்க்கலாம். சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டின் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டத்தால் தோன்றிய ஏற்பாடு அது. அங்கே வியாபாரிகள் பலர் வரலாம். ஏலத்தில் விலை ஏறலாம், இறங்கலாம். விலையை எந்த அதிகாரியும் எழுதி வைப்பதில்லை. ஆனால் தராசு பொதுத் தராசு. எடை எல்லோர் கண்முன்னும் நடைபெறும். வழக்கத்துக்கு மாறான கழிவு பிடித்தல் ஆகாது. விலை சுதந்தரமாக இருப்பதாலேயே தராசு கண்காணிப்பில் இருக்க வேண்டியதாகிறது. இந்த உவமையை மனத்தில் கொண்டால் இனி வருவன எளிதில் விளங்கும்.

2. ஏகபோகம் உண்டான விதம்

நம் நாட்டில் தொலைபேசித் தொழிலைத் தொடங்கியவை தனியார் கம்பெனிகளே. ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற ஆங்கிலேயக் கம்பெனி லைசென்ஸ் பெற்று, 1882ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் இணைப்பகங்களை நடத்தத் தொடங்கிற்று. 1885ஆம் ஆண்டில் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. தந்தியை அமைப்பதும் நடத்துவதும் அரசாங்கத்தின் தனி உரிமை. பிறர் அதைச் செய்ய விரும்பினால் லைசென்ஸ் பெற வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தொலைபேசியும் அதற்குள் அடங்கியது. 1943ஆம் ஆண்டில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களின் தொலைபேசி அமைப்புகளை அரசாங்கமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. பின்னர் எழுந்த அரசியல் சட்டமும் தபால், தந்தி, தொலைபேசி ஆகியவற்றை மத்திய அரசின் பட்டியலிலேயே வைத்தது. ஆகையால் இத்துறையில் கட்டுவதும் தளர்த்துவதும் தில்லியின் அதிகாரம். மாநில அரசுக்கு அதில் நேர் அதிகாரம் இல்லை.

அரசாங்க ஏகபோகத்தின் நன்மைகளை நாம் மறைக்கலாகாது. 1948இல் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தோன்றிக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்தது. 1960இல் கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே, சந்தாதாரர் தாமே எண்ணைச் சுழற்றி வெளியூருடன் பேசும் முறை வந்தது. 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையம், வெயிலையும் தூசியையும் தாங்கக்கூடிய சிறு கிராம இணைப்பகத்தை நம் நாட்டுப் பொறியாளர்களைக் கொண்டே உருவாக்கியது. மஞ்சட் பலகை தாங்கிய பொதுத் தொலைபேசி நிலையங்கள் பெருகி, சொந்தத் தொலைபேசி இல்லாதவரையும் வெளியூருடன் பேச வைத்தன. உடல் ஊனமுற்றோர் பலருக்கு அவை பிழைப்பும் அளித்தன.

எனினும் கேட்டவர்க்கெல்லாம் இணைப்புக் கொடுக்க ஏகபோகத்தால் முடியவில்லை. 1994ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையே இதை எண்களால் ஒப்புக்கொண்டது. அன்று நாட்டில் இருந்த இணைப்புகள் சுமார் 80 லட்சம். பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோர் சுமார் 25 லட்சம். அதாவது, தொலைபேசி வைத்திருந்த பத்துப் பேருக்கு மூன்று பேர் வரிசையில் நின்றனர். 5,76,490 கிராமங்களுள் ஏறத்தாழ 1.4 லட்சம் கிராமங்களுக்கே தொலைபேசி எட்டியிருந்தது. நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை. விலை நியாயமாக இருந்தும் சரக்கு இல்லாத கடையின் நிலை இது.

3. கதவு திறந்த வரலாறு

முதலில் தளர்ந்தது நுழைவுக் கட்டுப்பாடு. 1991இல் கருவி உற்பத்தியும், 1992 முதல் சில துணைச் சேவைகளும், 1994ஆம் ஆண்டுக் கொள்கையால் தொலைபேசிச் சேவையும் தனியாருக்குத் திறக்கப்பட்டன. நான்கு பெருநகரங்களுக்கு இரண்டிரண்டு கைப்பேசிக் கம்பெனிகள் அனுமதிக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசிக் கைப்பேசிச் சேவையைத் தொடங்கி வைத்தார். சென்னைக்கு லைசென்ஸ் பெற்றவை ஆர்.பி.ஜி. செல்லுலார், ஸ்கைசெல் என்னும் இரு கம்பெனிகள்.

இருவர் மட்டும் விற்றால் அதைப் போட்டி என்று சொல்ல முடியுமா? அன்று ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. பிறர் நம்மை அழைத்தாலும் நாமே காசு கொடுக்க வேண்டியிருந்தது. சென்னை ஒரு வட்டம், எஞ்சிய தமிழ்நாடு வேறொரு வட்டம். சென்னை லைசென்ஸின் எல்லை சென்னை டெலிபோன்ஸ் பகுதியோடு மறைமலைநகர், மீஞ்சூர், மாமல்லபுரம் ஆகியவற்றையும் தொட்டு நின்றது. ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி போன்ற ஊர்கள் இந்த எல்லையின் ஓரத்தில் இருந்தவை. தெற்கு நோக்கிச் சில மைல் பயணம் செய்தால் வேறு வட்டம், வேறு கட்டணம். இவ்விரு வட்டங்களும் 2005இல்தான் ஒன்றாயின.

இரண்டாவதாக, நடுவர் ஒருவர் வேண்டும் என்பது உணரப்பட்டது. தொலைபேசித் துறையே லைசென்ஸ் கொடுக்கும். அதே துறை தானும் சேவை விற்கும். தகராறு வந்தால் அதுவே தீர்ப்பும் சொல்லும் என்றால், சந்தையில் வியாபாரி ஒருவரிடமே பொதுத் தராசை ஒப்படைத்ததுபோல் ஆகும். இதை மாற்றவே 1997இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சட்டத்தால் நிறுவப்பட்டது. மக்கள் அதை ‘டிராய்’ என்று வழங்குவர். 2000ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, தகராறுகளைத் தீர்க்கத் தனி நடுவர் மன்றம் ஏற்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் அரசாங்கத்தின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். என்னும் கம்பெனியாகப் பிரிந்தது. விதிப்பவர், விற்பவர், தீர்ப்பவர் மூவரும் இவ்வாறு வேறு வேறாயினர்.

இடையே ஒரு படிப்பினையும் கிடைத்தது. ஏலத்தில் வரம்பு மீறிய தொகை கேட்டு லைசென்ஸ் எடுத்த கம்பெனிகள் அதைச் செலுத்த முடியாமல் தத்தளித்தன. 1999ஆம் ஆண்டுப் புதிய கொள்கை நிலையான லைசென்ஸ் தொகையை நீக்கி, வருமானத்தில் ஒரு பங்கு செலுத்தினால் போதும் என்று மாற்றியது. குத்தகைத் தொகைக்குப் பதிலாக வாரம் அளப்பதுபோன்ற மாறுதல் இது. சுமை குறைந்ததும் புதிய கம்பெனிகள் வந்தன, பி.எஸ்.என்.எல்.லும் கைப்பேசிச் சேவையில் இறங்கியது. 2000இல் வெளியூர்ப் பேச்சும், 2002 ஏப்ரலில் வெளிநாட்டுப் பேச்சும் போட்டிக்கு விடப்பட்டன. 2003 மே முதல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் ஒழிந்தது. கைப்பேசி சாமானியர் கைக்கு வந்தது அந்த ஆண்டிலிருந்துதான்.

நுழைவுச் சீட்டை எம்முறையில் வழங்குவது என்பதும் பெரும் சர்ச்சைக்குள்ளாயிற்று. 2008 ஜனவரியில் முதலில் வந்தவர்க்கு முதலில் என்னும் முறையில் கொடுத்த 122 லைசென்ஸ்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ரத்துச் செய்தது. அதையொட்டிய குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டோரை 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் விடுவித்தது. வழக்கின் முடிவு எவ்வாறாயினும் அங்கத்தினர் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வானலை என்பது ஏரி நீர்போல் பொதுச் சொத்து. அதை யாருக்கு, எவ்விலைக்கு, எவ்வழியில் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பது பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்வி.

4. விலையை விட்டபின் நேர்ந்தவை

கம்பெனிகள் பல வந்துவிட்டதால், கட்டணத்தை அவையே வைத்துக்கொள்ளட்டும் என்று ஆணையம் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் படிப்படியாக விட்டுவிட்டது. புதிய கட்டணத் திட்டத்தை அறிமுகம் செய்த 7 வேலை நாட்களுக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் முன் அனுமதி வேண்டுவதில்லை. தேவை நேர்ந்தால் தலையிடும் அதிகாரம் மட்டும் ஆணையத்திடம் இருக்கிறது.

இதன் நற்பயன் பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. 1994இல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத இணைப்பு, இன்று நூற்றுக்கு 80க்கு மேல் உள்ளது. மொத்தச் சந்தா ஏறத்தாழ 120 கோடி. பத்தாண்டுகள் காத்திருந்து பெற்ற பொருள் பத்து நிமிடத்தில் பெட்டிக்கடையில் கிடைக்கலாயிற்று. 2011 ஜனவரி முதல் நாடெங்கும் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று அறிவித்துச் சந்தையில் இறங்கியதும், இணையத் தரவின் விலை சில மாதங்களில் சரிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஒரு சில தளங்களுக்கு மட்டும் சலுகை விலை வைத்து மற்றவற்றைப் பின்தள்ளலாகாது என்று ஆணையம் விதித்திருந்தது. விலையை விட்டுவிட்டாலும் தராசை விடவில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் விலைப்போர் முடியும்போது களத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2010ஐ ஒட்டி நாட்டில் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. அதன்பின் சில மூடின; சில பெரியவற்றோடு கலந்தன; 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இன்று நாடு முழுவதும் கைப்பேசிச் சேவை தரும் தனியார் மூவரே. அவர்களுள்ளும் வோடபோன் ஐடியா, அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய பாக்கியைப் பங்குகளாக மாற்றியதில், 2025இல் அரசாங்கத்தின் பங்கு ஏறத்தாழ 49 சதவிகிதம் ஆயிற்று. தனியாருக்கென்று திறந்த துறையில் அரசாங்கமே தனியார் கம்பெனியின் பெரும் பங்குதாரராகி நிற்பது, கட்டுப்பாட்டு நீக்கம் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதைக் காட்டுகிறது.

இதன் வலியைத் தமிழ்நாடு நேரில் கண்டது ஏர்செல் வீழ்ந்தபோது. அது 1999இல் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்டு, சிற்றூர்களிலும் வேரூன்றிய கம்பெனி. கடன் சுமை ஏறி, கோபுரங்களுக்குரிய வாடகைத் தகராறும் முற்றி, 2018 பிப்ரவரி இறுதியில் தமிழ்நாட்டில் அதன் சேவை நிலைகுலைந்தது. அம்மாதம் 28ஆம் நாள் திவால் சட்டத்தின் கீழ் அது விண்ணப்பம் செய்தது. கம்பெனியை மாற்றிக்கொள்ள உரிமை இருந்தது. ஆனால் மாறுவதற்கு வேண்டிய குறியீட்டு எண்ணைப் பெறும் செய்தியே போகவில்லை. கடைகளின் முன் மக்கள் நாள்கணக்கில் காத்து நின்றனர். வங்கிக் கணக்கு, எரிவாயுப் பதிவு, வியாபாரத் தொடர்பு யாவும் அந்த எண்ணோடு கட்டுண்டிருந்தன. போட்டியில் ஒருவர் தோற்றால் அவருடைய முதலாளிகள் மட்டும் நஷ்டமடைவதில்லை. அவரை நம்பியிருந்த சந்தாதாரரும் அடைகின்றனர். நுழைவுக்கு விதி வகுத்த அளவு கவனமாக வெளியேறுவதற்கும் விதி வேண்டும் என்பது இதன் பாடம்.

2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. அதைத் தொடர்ந்து பலர் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினர். மாற்று இடம் ஒன்று இருந்ததாலேயே மாற முடிந்தது. இணையம் வேண்டாதவரும் இணையம் சேர்ந்த திட்டத்தையே வாங்க நேர்ந்ததும் அக்காலத்தில் பெருங்குறையாக எழுந்தது. கூலிக்குத் தறி நெய்யும் முதியவர், பேச மட்டுமே கைப்பேசி வைத்திருப்பவர், தமக்கு வேண்டாத சரக்குக்கும் சேர்த்து விலை கொடுத்தார். 2024 டிசம்பரில் ஆணையம் தலையிட்டு, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டத்தை ஒவ்வொரு கம்பெனியும் வைத்தாக வேண்டும் என்று விதித்தது. விலை எவ்வளவு என்பது இன்னும் கம்பெனியின் விருப்பமே. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை மீண்டது.

5. கடைசி வீட்டுக் கடமை

ஊரப்பாக்கம் பெருஞ்சாலையை ஒட்டியது. மின்சார ரெயில் செல்வது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு அண்மையில் உள்ளது. இத்தகைய இடத்தில் கம்பெனிகள் ஒன்றையொன்று முந்திக் கோபுரம் நாட்டும். ஏனெனில் ஒரு கோபுரத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் இருப்பர். பெருஞ்சாலையை விட்டு விலகி, வீடுகள் அரிதாயும் வயல்கள் பரந்தும் உள்ள இடத்தில் அதே கோபுரத்தின் செலவு ஈடேறாது. அங்கே போட்டி தானாக வராது. போட்டி எதையெல்லாம் செய்யும் என்று அறிவதோடு, எதைச் செய்யாது என்றும் அறிதல் வேண்டும்.

இதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு நல்ல விளக்கம் தரும். அங்கே 1920இல் நூறு பண்ணைகளுள் ஏறத்தாழ 39 பண்ணைகளில் தொலைபேசி இருந்தது. 1940இல் அது 25 ஆகக் குறைந்தது. விவசாயிகளே கூடி அமைத்த சிறு தொலைபேசிச் சங்கங்கள் மந்தகாலத்தில் நலிந்தன. பெருங்கம்பெனிகளோ சிதறிக் கிடந்த பண்ணைகளுக்குக் கம்பி இழுக்க மனங்கொள்ளவில்லை. 1949இல் அந்நாட்டு அரசாங்கம் கிராம மின்வசதிச் சட்டத்தைத் திருத்தி, தொலைபேசி அமைப்புகளுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கொடுக்க வழிசெய்தது. அக்கடனைப் பெற்றுத் தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கங்கள் பல தழைத்தன. அவற்றுள் பல இன்றும் நடக்கின்றன. முதலாளி வராத இடத்தில் அங்கத்தினரே முதலாளியாகலாம் என்பதற்கு இஃது உலகறிந்த சான்று.

அதே நாட்டில் 1984இல் ஏ.டி. அண்டு டி. என்னும் பெருங்கம்பெனி பிரிக்கப்பட்டது. 1996இல் புதிய சட்டம் போட்டியை விரிவாக்கிற்று. அங்கே மாநிலங்களுக்கும் தொலைபேசி மீது அதிகாரம் உண்டு. கேட்டவர் எவராயினும் இணைப்புத் தர வேண்டும் என்ற பழைய கடமையைப் பல மாநிலங்கள் பின்னர்த் தளர்த்தின. கலிபோர்னியா மாநிலத்தில் ஏ.டி. அண்டு டி. அக்கடமையிலிருந்து தன்னை விடுவிக்கக் கேட்டபோது, மக்கள் பெருந்திரளாக ஆட்சேபித்தனர். 2024 ஜூனில் மாநில ஆணையம் அவ்விண்ணப்பத்தைத் தள்ளியது. காட்டுத்தீயும் மின்தடையும் நேரும் மலைப்பகுதிகளில் கம்பித் தொலைபேசியே உயிர்காக்கும் என்பது அம்மக்களின் வாதம்.

நம் நாட்டில் கடைசி வீட்டுக் கடமைக்காக ஒரு நிதி ஏற்பட்டது. கம்பெனிகளின் வருமானத்திலிருந்து 5 சதவிகிதம் அதற்குச் சேர்கிறது. கம்பெனி செலுத்துவதாகச் சொல்லப்பட்டாலும், நாம் கொடுக்கும் கட்டணத்திலிருந்து வருவதே அது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்தபோது, அந்நிதி டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாறியது. ஊராட்சிதோறும் கண்ணாடி இழைக் கம்பி சேர்க்கும் பாரத்நெட் திட்டத்துக்கு இதுவே ஆதாரம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பி.எஸ்.என்.எல்.லின் நிலையும் இவ்விடத்தில் கருதத்தக்கது. இலாபம் இல்லாத இடத்திலும் கம்பியைப் பேணிய சுமை அதனுடையது. எனினும் தனியார் 2012இல் தொடங்கிய நான்காம் தலைமுறைச் சேவையை அது நாடளாவிய அளவில் தொடங்கியது 2025 செப்டம்பரில்தான். 2020 ஜனவரி இறுதியில் ஏறத்தாழ 78,000 ஊழியர் விருப்ப ஓய்வில் சென்றனர். 2019, 2022, 2023ஆம் ஆண்டுகளில் மத்திய அரசு அதற்குப் பெருந்தொகை ஒதுக்கியது. அரசாங்கக் கம்பெனி நலிந்தால் தனியாருக்குக் கடிவாளம் இல்லை. அரசாங்கக் கம்பெனி சோம்பினால் சந்தாதாரருக்குப் பயன் இல்லை. கூட்டுறவுப் பண்டகசாலை திறமையாக நடந்தால்தான் எதிர்க்கடையின் விலை கட்டுக்குள் நிற்கும் என்பதை நாம் அறிவோம். அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

6. முறையீடு செய்யும் முறை

2012ஆம் ஆண்டு விதிகளின்படி முறையீடு இரு படிகள் உடையது. முதற்படி கம்பெனியின் புகார் மையம். அங்கே சொன்னவுடன் புகாருக்குப் பதிவு எண் தரப்பட வேண்டும். எண் தராத புகார் எழுதாத கடனுக்குச் சமம். அங்கே தீராவிட்டால், உரிய காலம் கழிந்த 30 நாட்களுக்குள் அக்கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

இதற்கு மேல் நீதியின் கதவும் உண்டு. தந்திச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி, தொலைபேசித் தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு வரலாகாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பலர் மனம் தளர்ந்தனர். 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், நுகர்வோர் மன்றம் இத்தகைய வழக்கைக் கேட்கலாம் என்று தெளிவாக்கிற்று. ஆகவே தவறான பில்லுக்கும், காரணமின்றி எண் துண்டிக்கப்பட்டதற்கும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வழி திறந்துள்ளது.

7. சங்கங்கள் செய்யத்தக்கவை

தனியொருவர் கம்பெனியோடு பேரம் பேச முடியாது. சங்கம் பேச முடியும். ஆகையால் ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றை நிர்வாகக் கமிட்டியில் வைத்து ஆலோசிப்பது நலம்.

முதலாவதாக, சங்கத்தின் கைப்பேசி எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். காரியதரிசியின் சொந்த எண்ணே வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தால், அவர் விலகும் நாளில் சங்கத்தின் கணக்குச் சாவியும் அவரோடு போய்விடும். எண் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். அதன் விவரம் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இரண்டாவதாக, சங்க அலுவலகத்தில் வெவ்வேறு கம்பெனிகளின் இரண்டு இணைப்புகளை வைத்திருப்பது முன்யோசனை. ஏர்செல் அனுபவம் மறக்கத்தக்கதன்று.

மூன்றாவதாக, கட்டணம் முடியும் தேதியைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 90 நாட்களுக்குக் குறைந்த காலம் பயன்படுத்தாமலிருந்த காரணத்துக்காக ஒரு முன்கட்டண எண்ணைத் துண்டிக்கலாகாது என்பது 2013ஆம் ஆண்டு விதி. அதற்கு மேற்பட்டால் அபாயம் உண்டு. துண்டிக்கப்பட்ட எண் பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். வங்கியின் ரகசிய எண்ணும் அவரிடமே போகும்.

நான்காவதாக, புகார்ப் புத்தகம் ஒன்று வைத்து, அங்கத்தினரின் தொலைபேசிக் குறைகளைத் தேதி, பதிவு எண் ஆகியவற்றோடு எழுதி வர வேண்டும். இருபது பேர் ஒரே குறையைச் சொன்னால் அது இருபது முனகல் அன்று, ஒரு சாட்சியம்.

ஐந்தாவதாக, எந்த விதியையும் இறுதி செய்யுமுன் ஒழுங்குமுறை ஆணையம் ஆலோசனைப் பத்திரம் வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, திறந்த கூட்டங்களையும் நடத்துகிறது. கம்பெனிகள் தத்தம் வழக்கறிஞரை அனுப்புகின்றன. நெசவாளர் சார்பிலும் விவசாயிகள் சார்பிலும் போகும் கடிதங்கள் மிகச் சில. மகாசபையில் தீர்மானம் நிறைவேற்றி எழுதும் ஒரு கடிதம் தபால் செலவுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

முடிவுரை

ஏகபோகத்தில் விலை கட்டுக்குள் இருந்தது, பொருள் கிடைக்கவில்லை. போட்டியில் பொருள் பெருகிற்று, விலை இறங்கிற்று. போட்டியாளர் குறைந்ததும் விலை மீண்டும் ஏறத் தொடங்கியது. நுழைவையும் விலையையும் அரசாங்கம் விட்டுக் கொடுக்கலாம். அதனால் நன்மையும் உண்டாயிற்று. கடைசி வீட்டுக் கடமையையும் முறையீட்டு உரிமையையும் விட்டுக் கொடுத்தால் அந்நன்மை வலியவர்க்கே போய்ச் சேரும். தராசைப் பிடிப்பவர் தில்லியில் இருக்கலாம். முள் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் கண் ஒவ்வொரு சங்கத்திலும் இருத்தல் வேண்டும்.

கல்வி வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் ஊரில் எத்தனை கம்பெனிகளின் சேவை வீட்டுக்குள்ளும் வயலிலும் தடையின்றிக் கிடைக்கிறது? அவ்வளவும் உண்மையான போட்டியா?

2. விலை நிர்ணயத்தை விட்டுவிட்டாலும் கண்காணிப்பை விடலாகாது என்பதை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் நடைமுறையோடு ஒப்பிட்டு விளக்குக.

3. ஒரு கம்பெனி மூடப்படும்போது சந்தாதாரரைக் காக்க எத்தகைய விதிகள் வேண்டும்?

4. நம் சங்கத்தின் எண் யார் பெயரில் உள்ளது? அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குள் விசாரித்துத் தெரிவிக்க.